விலா முறிந்த அம்மாயியும் மலைநாட்டு அவசரப் பிரிவும்: வலியைக் கவனித்த விதத்துக்கு எத்தனை மார்க்?

அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நம் ஆட்கள் ரிவியூ எழுதுவதில்லை. நுவரெலியாவில் தங்கிய இடத்தில் சுடுதண்ணீர் வரவில்லை என்றால் அன்றைக்கே எழுதிவிடுவோம், ஹட்டன் டவுனில் சாப்பிட்ட கொத்து ரொட்டியில் எண்ணெய் கூடிவிட்டது என்றால் படத்தோடு போடுவோம், ஆனால் காசு வாங்காத இடத்தைப் பற்றி எழுத என்னவோ ஒரு கூச்சம். ஆள் பிழைத்தால் கும்பிடுகிறோம், இல்லாவிட்டால் கேட்டில் நின்று கத்திவிட்டு வந்துவிடுகிறோம். நான் எழுதப்போவது ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான். வழுக்கி விழுந்து விலா எலும்பு முறிந்த எங்கள் 76 வயது அம்மாயியின் (பாட்டியின்) வலியை, நுவரெலியா மாவட்டத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்று எப்படிக் கவனித்தது என்பது. பெயர் சொல்லமாட்டேன். குறையும் சொல்லப்போகிறேன், அந்தக் குறைக்குக் காரணம் அங்கே ராத்திரி ஓடித் திரிந்த இரண்டு மிஸ்மார் (தாதிமார்) இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மொத்த மார்க் கேட்டால் 5க்கு மூன்றரை. பகலுக்கு நாலரை, ராத்திரிக்கு ஒன்று, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய விதத்துக்கு இரண்டு. கணக்கு சரியாக வராது, பரவாயில்லை.

மழை நாளில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் பின்பக்கம் பாசி பிடித்திருக்கும். அம்மாயி பாத்திரம் கழுவப் போய் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் வழுக்கி, சிமெந்துக் கட்டில் வலப்பக்கம் அடிபட விழுந்தார். உயரத்திலிருந்து விழவில்லை, நின்ற இடத்திலேயே விழுந்ததுதான், அதனாலேயே எல்லோருக்கும் அலட்சியம். சித்தாலேப தடவினார்கள், ஒரு சித்தி கோடாலித் தைலம் கொண்டுவந்தார், தோட்டத்து டிஸ்பென்சரியில் பெனடோல் (பரசிட்டமோல்) கொடுத்து நாளைக்கும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். அம்மாயியிடம் கேட்டால் "ஒண்ணுமில்ல சாமி, லேசா புடிச்சிருக்கு" என்ற பதில்தான். கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஒரு வாழ்நாள் முழுக்க மலை ஏறியவர், அவருக்கு லேசாக என்பது நமக்கு எவ்வளவு என்று யார் கண்டது.

மறுநாள் காலையில் கவனித்தால் பேச்சு பாதியில் நிற்கிறது. இரண்டு சொல், ஒரு மூச்சு, மறுபடி இரண்டு சொல். இருமல் தொண்டை வரை வருகிறது, அங்கேயே அடக்கிவிடுகிறார், கை தானாக வலது விலாவைப் பிடிக்கிறது.

அந்த அடக்கல்தான் ஆபத்து. இதைப் பிறகு ஒரு டொக்டர் பொறுமையாக விளக்கினார், ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த மிக உபயோகமான ஐந்து நிமிடம் அதுதான். விலா எலும்புக்கு மாவுக்கட்டுப் போட முடியாது, ஒவ்வொரு மூச்சுக்கும் அது அசைந்தே தீரும். வலிக்கிறது என்று வயசானவர் மூச்சைக் குட்டையாக்கிவிடுவார். நுரையீரலின் அடிப்பக்கம் விரியாமல் சுருங்கும், இருமாததால் சளி அங்கேயே தங்கும், சில நாளில் அது நிமோனியாவாகும். வயசான ஆளை ஆபத்தில் தள்ளுவது பெரும்பாலும் உடைந்த எலும்பு இல்லை, அதன் பின்னால் வரும் இந்தச் சளிதான். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு முறிந்த விலா ஒன்று கூடும்போதெல்லாம் இறக்கும் ஆபத்து 19 சதவீதமும் நிமோனியா ஆபத்து 27 சதவீதமும் ஏறியதாகக் கண்டிருக்கிறார்கள். ஆகவே வலிக்கு மருந்து கொடுப்பது ஆளைச் சந்தோஷப்படுத்தும் காரியம் மட்டுமில்லை. இருமவும் மூச்செடுக்கவும் வைக்கிற சிகிச்சையே அதுதான். இந்த ரிவியூவை நான் அந்தக் கண்ணால்தான் எழுதுகிறேன், அம்மாயியை இரும வைத்தார்களா இல்லையா என்று.

முதலில் 1990, சுவசெரிய. இதற்கு 5க்கு 5, பெயர் சொல்லியே கொடுக்கிறேன். 2016இல் இந்திய உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்த இலவச அம்புலன்ஸ். போனை எடுத்தவர் தமிழில் பேசினார். லயம் வரை வண்டி வராது, அது அவர்கள் குற்றமில்லை, எங்கள் பாதையைப் பார்த்தால் ஆட்டோக்காரரே கும்பிடு போடுவார். பையன்கள் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். வந்த உதவியாளர் படுக்கவைக்கவில்லை, முதுகை உயர்த்திச் சாய்த்து உட்காரவைத்தார், விரலில் கருவியை மாட்டி ஒக்சிஜன் அளவைப் பார்த்து மாஸ்க் போட்டார். விழுந்த ஆளைக் கிடத்தித்தான் கொண்டு போக வேண்டும் என்று வண்டியில் ஏறிய மாமா ஒருவர் தர்க்கம் பண்ணினார். கழுத்தையும் முதுகையும் பார்த்துவிட்டேன், சாய்ந்திருந்தால்தான் இவருக்கு மூச்சு வரும் என்று அவர் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சாய்வை இறக்கவில்லை.

அவசரப் பிரிவில் பகல் வேளை. நல்லபடியாகவே போனது. நாங்கள் விலா விலா என்று கத்திக்கொண்டிருக்க, அந்தச் சின்ன டொக்டர் முதலில் பார்த்தது தலையை. அம்மாயி இருதயத்துக்கு அஸ்பிரின் குடிப்பவர், வயசானவர்கள் விழுந்தால் தலைக்குள் ரத்தம் மெதுவாகக் கசியலாம் என்று கேள்விமேல் கேள்வி கேட்டார். அப்புறம் வயிற்றுக்கு ஸ்கேன், ஏனென்றால் வலப்பக்கக் கீழ் விலாக்களுக்கு அடியில் கல்லீரல் இருக்கிறது, இடப்பக்கம் என்றால் மண்ணீரல். அதற்குப் பிறகுதான் எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் 2 முறிவு. "தெரியிறது 2, தெரியாததும் இருக்கலாம்" என்று அவரே சொன்னார். சாதாரண எக்ஸ்ரேயில் விலா முறிவுகளில் பாதி வரை தப்பிப்போகுமாம், அதை எடுப்பது எலும்பை எண்ணுவதற்கு இல்லை, நுரையீரலைச் சுற்றிக் காற்றோ ரத்தமோ சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். பிறகு எடுத்த சீடி ஸ்கேனில் 4 முறிவு. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று எங்காவது சொல்லி, ஆனால் உங்கள் பாட்டிக்கு மூச்செடுக்க இன்னும் வலித்தால், அந்தப் படத்தை நம்பி இருந்துவிடாதீர்கள்.

அடுத்து ஊசி. ஒரு தட்டில் டைக்ளோபெனாக் தயாராக வந்தது. நம் ஊரில் இடுப்பு வலியா, பல் வலியா, எல்லாவற்றுக்கும் அதுதானே. டொக்டர் "கிளினிக் கொப்பி எங்கே" என்று கேட்டார். பிரஷருக்கு லொசார்டன், கால் வீக்கத்துக்கு நீர் போகிற குளிசை, போன மாத ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கொஞ்சம் கூட. இந்த இரண்டு குளிசையோடு டைக்ளோபெனாக் வகை மருந்தும் சேர்ந்தால் வயசான சிறுநீரகம் படுத்துவிடும், அஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவும் வரலாம் என்று சொல்லித் தட்டைத் திருப்பி அனுப்பினார். இந்த ஓர் இடத்துக்காகவே ஒரு மார்க் கூடப் போட்டேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது வேறு எதை மறந்தாலும் கிளினிக் கொப்பியை மறக்காதீர்கள். இல்லாவிட்டால் குளிசைப் பையையாவது அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள்.

கொடுத்தது பரசிட்டமோலும் கொஞ்சம் மோர்பினும். மோர்பின் என்றதும் எங்கள் ஆட்களின் முகத்தைப் பார்க்க வேண்டும், அபின் கொடுக்கிறார்கள், கிழவி இனி எழும்பாது என்று வெளியே ஒரு கூட்டமே முடிவு கட்டிவிட்டது. உள்ளே நடந்தது வேறு. வயசானவருக்கு என்று மிகச் சிறிய அளவை நரம்பில் ஏற்றி, சில நிமிடம் பக்கத்திலேயே நின்று, மூச்சின் வேகத்தையும் ஆள் விழிப்பாக இருக்கிறாரா என்பதையும் பார்த்து, பிறகு இன்னொரு சிறிய அளவு. ஒரேயடியாக ஏற்றுவதுதான் ஆபத்து, இப்படிப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தால் பயப்படத் தேவையில்லை. மலச்சிக்கலுக்கும் அன்றே மருந்து எழுதினார்கள், அது மோர்பினோடு வரும் நிச்சய விருந்தாளியாம். விலா முறிந்தவர் முக்கினால் வலி எப்படி இருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

இப்போது மார்க் குறைந்த கதை. வலியை எப்படி அளந்தார்கள் என்பதிலிருந்தே அது தொடங்குகிறது. தாதி ஒருவர் வந்து, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று சிங்களத்தில் கேட்டார், பக்கத்துக் கட்டில்காரர் அதைத் தமிழில் சொன்னார். அம்மாயிக்குக் கிலோக் கணக்கு தெரியும், கைக்காசு கணக்கு தெரியும், வலிக்கு நம்பர் போட்டுப் பழக்கமில்லை. அசையாமல் சாய்ந்திருந்தபடியே "ரெண்டு" என்றார். அட்டையில் 2 ஏறிவிட்டது. யாரும் இருமிப் பார்க்கச் சொல்லவில்லை. அசையாமல் இருந்தால் விலா முறிந்த யாருக்கும் வலி குறைவுதான், அதற்காகத்தானே அவர் அசையாமல் இருக்கிறார்.

இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு, வெளியூர்க்காரருக்கு இது புரியாது. தோட்டத்து அதிகாரியைக் கூப்பிடுகிற மாதிரி, அம்மாயி டொக்டர்மார் எல்லோரையும் "தொரை" என்றுதான் கூப்பிடுவார். பேரப்பிள்ளை வயதுப் பையன் ஸ்டெதஸ்கோப்போடு வந்து நின்றாலும் தொரைதான். தொரை முன்னால் நின்று முடியவில்லை, வலிக்கிறது என்று சொன்னால் பேர் வெட்டுவார்கள், அன்றைய சம்பளம் போய்விடும் என்று பழகிய உடம்பு அது. அவரிடம் போய் வலிக்குதா என்று கேட்டால் "இல்லீங்க தொரை" என்பதைத் தவிர வேறு என்ன பதில் வரும்? மலைநாட்டு ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிற யாராவது இதைப் படித்தால், எங்கள் வயசான சனம் சொல்லும் நம்பரை நம்பாதீர்கள். ஆழமாக மூச்செடுக்கச் சொல்லுங்கள், இருமச் சொல்லுங்கள், அந்த நேரத்து முகத்தைப் பாருங்கள். அதற்குத் தமிழும் வேண்டாம், சிங்களமும் வேண்டாம்.

சரி, ராத்திரி. வார்டுக்கு மாற்றியபோது வலி மருந்தை "தேவைப்பட்டால் கொடுக்கவும்" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். காகிதத்தில் பார்த்தால் இதில் பிழை தெரியாது. கேட்கத் தெரிந்தவருக்கு அது சரிதான். ஆனால் கட்டில் நிறைந்த வார்டில், இரண்டு மிஸ் மட்டும் உள்ள ராத்திரியில், வாய் திறக்காத ஒரு கிழவிக்குத் தேவைப்பட்டால் என்று எழுதுவதும் கொடுக்க வேண்டாம் என்று எழுதுவதும் ஒன்றுதான். அவர் கேட்கவில்லை. அவர்கள் கொடுக்கவில்லை. பகலில் போட்ட மோர்பின் இறங்கிப் போக, பரசிட்டமோல் கூட இல்லாமல் விடியும் வரை உட்கார்ந்திருந்திருக்கிறார். பெண்கள் வார்டு என்பதால் நான் உள்ளே நிற்க முடியாது, சித்தியை நிற்க விடச் சொல்லிக் கேட்டதற்கு, மோசமான நோயாளிக்குத்தான் ஆள் விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

விடியற்காலையில் ஆள் குழம்பிப்போனார். கொழுந்து நிறுக்க நேரமாகுது, கணக்கப்பிள்ளை வந்துட்டாரா என்று பக்கத்துக் கட்டிலில் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டார் உடனே மோர்பின் மேல் பழியைப் போட்டார்கள். ரவுண்ட் வந்த பெரிய டொக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, கொடுத்ததே கொஞ்சம், அதுவும் எப்போதோ இறங்கிவிட்டது என்றார். வயசானவர்களுக்கு அடங்காத வலியே புத்தியைக் குழப்பும், தூக்கமின்மை குழப்பும், ஒக்சிஜன் குறைந்தால் குழப்பும், சிறுநீர் அடைத்தாலும் குழப்பும், இவருக்கு இதில் மூன்று சேர்ந்திருக்கிறது என்று மிஸ்மாரைப் பார்த்துச் சொன்னார். ஒக்சிஜன் 88 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. கண்ணாடியையும் யாரோ லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அதைப் போட்டுவிட்டதும் என்னை யார் என்று பிடித்துக்கொண்டார், குழப்பம் முழுதாகத் தெளிய இன்னும் நேரம் எடுத்தது.

அன்றைக்கு நடந்ததுதான் இந்த ரிவியூவின் நல்ல பகுதி. மயக்க மருந்து டொக்டரை வரச் சொன்னார்கள். ஒப்பரேஷன் செய்யப்போகிறார்கள் என்று நாங்கள் பயந்துவிட்டோம், இல்லை, முதுகில் ஓர் ஊசி. அம்மாயியைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து, ஒரு மிஸ் முன்னால் நின்று தோளைப் பிடித்துக்கொள்ள, ஸ்கேன் கருவியால் படத்தைப் பார்த்தபடியே முதுகெலும்புக்குப் பக்கத்துத் தசைக்கும் எலும்புக்கும் நடுவில் ஊசியை விட்டு மரப்பு மருந்தைப் பரவ விட்டார். முதுகெலும்பை நிமிர்த்தும் தசைக்கு அடியில் போடுவதால் அந்தத் தசையின் பெயரால் எரெக்டர் ஸ்பைனே பிளொக் என்கிறார்கள், 2016இல்தான் முதன்முதலில் விவரித்து எழுதப்பட்ட முறை. விலா முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ முறிந்தவர்களுக்கு அக்குளுக்குக் கீழே போடும் செரேட்டஸ் பிளொக் என்று இன்னொன்று இருக்கிறது, அது 2013இல் வந்தது. இரண்டுக்கும் முன்பிருந்தே இருப்பது எபிடியூரல், அதாவது முதுகுத்தண்டைச் சுற்றிய உறைக்கு வெளியே மருந்து விடுவது. அது நன்றாக வேலை செய்யும், ஆனால் பிரஷரை இறக்கும், ரத்தம் உறையாத மருந்து குடிப்பவர்களுக்கு முதுகுத்தண்டில் ரத்தம் கட்டும் பயமும் உண்டு. எபிடியூரலோடு பார்க்கும்போது, இந்தத் தசை இடை ஊசிகளில் அந்தப் பயம் குறைவு.

போட்ட பிறகு அரை மணித்தியாலம் வரை மானிட்டரில் வைத்துப் பார்த்தார்கள். வாயில் உலோக ருசி வருகிறதா, நாக்கு மரக்கிறதா, காதில் சத்தம் கேட்கிறதா என்று ஒரு மிஸ் கேட்டுக்கொண்டே இருந்தார், மரப்பு மருந்து ரத்தத்தில் கூடினால் முதலில் காட்டும் அறிகுறிகள் அவை. பிறகு டொக்டர் ஒரு தலையணையை மடியில் கொடுத்து, அதைக் கட்டிப்பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டு இருமச் சொன்னார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், "அம்மா, இருமுங்க". அம்மாயி பயந்து பயந்து ஒரு சின்ன இருமல். வலிக்கவில்லை என்று தெரிந்ததும் அடுத்தது பெரிதாக. அப்புறம் வந்தது பாருங்கள் சளி, எவ்வளவு என்று எழுதினால் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். மத்தியானத்துக்குள் ஒக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றி மூக்கில் மாட்டும் சின்னக் குழாய்க்கு மாற்றிவிட்டார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், அந்த ஊசி மாயமில்லை. ஒரு தடவை போட்டது பல மணித்தியாலம் நிற்கும், அப்புறம் இறங்கிவிடும். சில இடங்களில் மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் தொடர்ந்து மருந்து கொடுப்பார்கள், இங்கே அது இல்லை, மறுநாள் திரும்பவும் ஊசியே போட்டார்கள். ஆனால் இந்தத் தடவை ஊசி இறங்குவதற்கு முன்பே குளிசைகளை நேரம் போட்டு எழுதிவிட்டார்கள், கேட்டாலும் கேட்காவிட்டாலும் காலை, மத்தியானம், மாலை, ராத்திரி என்று. "தேவைப்பட்டால்" என்பது அதற்கு மேல் ஒரு கூடுதல் மருந்துக்கு மட்டும். முதல் நாளே இப்படி எழுதியிருந்தால் அந்த ராத்திரி வந்திருக்காது, ஒக்சிஜனும் அவ்வளவு தூரம் இறங்கியிருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். இதற்கு ஸ்கேன் மெஷின் வேண்டாம், விசேஷ டொக்டர் வேண்டாம், ஒரு பேனா போதும். அதனால்தான் ராத்திரிக்கு ஒரு மார்க்கோடு நிறுத்திவிட்டேன்.

பெனடோலைப் பற்றி ஒரு வரி. நம் ஆட்கள் அதை மருந்தாகவே மதிப்பதில்லை, தலைவலிக்குக் கடையில் வாங்குவதுதானே என்று. நேரம் தவறாமல் கொடுத்தால் அதுதான் அடித்தளம், அதன் மேல்தான் மற்றதெல்லாம். வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக ஒரு தடவைக்கு 1 கிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஆனால் 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு எடை பார்த்துக் குறைக்க வேண்டும். அம்மாயி 40 கிலோ, அதனால் ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்றுதான் எழுதினார்கள். கொடீன் சேர்ந்த குளிசைகள் சிலவற்றிலும் பரசிட்டமோல் இருக்கிறது, அதையும் இதையும் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு இரட்டிப்பாகிவிடும், ஈரலுக்கு அது கூடாது. ட்ராமடோல் என்ற இன்னொரு வலி மருந்தைக் கேட்டு வாங்கிய ஓர் உறவினர், அவருடைய அப்பாவுக்கு வாந்தியும் தலைசுற்றலும் வந்து ராத்திரி கட்டிலிலிருந்து மறுபடி விழுந்த கதையைச் சொன்னார். வயசானவர்களுக்கு அதைக் கொஞ்சம் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

வெளியே பார்மசியில் வாங்கிய சாமான்களுக்கும் மார்க் போட்டுவிடுகிறேன். மூன்று பந்து ஊதும் கருவி என்று எல்லோரும் சொல்வது, உண்மையில் ஊதுவது இல்லை, உறிஞ்சுவது. மெதுவாக, ஆழமாக உள்ளே இழுத்தால் பந்து எழும்பும். 600, 900, 1200 என்று எழுதியிருக்கும், அந்தப் பந்து எழும்ப நொடிக்கு எத்தனை மில்லிலீட்டர் காற்றை இழுக்க வேண்டும் என்பது அது. முதல் நாள் அம்மாயி கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார், பந்து அசையவில்லை, எனக்கும் வார்டுக்கே வந்து காட்டிக்கொடுத்த பிசியோவுக்கும் சிரிப்பு. வலி மருந்து வேலை செய்யும் நேரத்தில் செய்ய வேண்டும், குளிசை குடித்து ஒரு மணித்தியாலம் போல் கழித்து. வலியோடு செய்யச் சொன்னால் ஒரு தடவையோடு தூக்கிப் போட்டுவிடுவார்கள். கருவிக்கு 5க்கு 4, ஒரு மார்க்கைக் குறைத்தது தமிழில் ஒரு வரி விளக்கம் கூடப் பெட்டிக்குள் இல்லாததற்கு.

அகலமான நெஞ்சுப் பட்டிக்கு பூச்சியம். பார்மசிக்காரர் விலா முறிந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்று விற்றார், பிசியோ அதைப் பார்த்ததும் கழற்றிப் பையில் போட்டுவிட்டார். நெஞ்சை இறுக்கினால் வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், மூச்சும் கூடவே குறையும். முறிவு நெரிவு பார்க்கிறவரிடம் எண்ணெய் வைத்துக் கட்டலாம் என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். கை கால் என்றால் அவரவர் நம்பிக்கை, நெஞ்சைச் சுற்றி மட்டும் யாரையும் இறுக்கிக் கட்ட விடாதீர்கள். சித்தாலேப, கோடாலித் தைலம் எல்லாம் முறிந்த இடத்தை அழுத்தித் தேய்க்காத வரை கெடுதல் இல்லை, அந்த வாசனை இல்லாவிட்டால் அம்மாயிக்கு வைத்தியம் பார்த்த மாதிரியே இருக்காது.

வீட்டுக்கு அனுப்பியபோது மறுபடி மார்க் குறைந்தது. கையில் கொடுத்த துண்டு ஆங்கிலத்தில். எத்தனை நாள் வலிக்கும், எப்போது திரும்பி வர வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை, நானே பிசியோவைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். எலும்பு கூட ஆறு வாரம் போல் ஆகும், வலி சிலருக்கு மூன்று மாதம் வரை இழுக்கும், நாளாக நாளாகக் குறைய வேண்டும். காய்ச்சல், மூச்சு வாங்கல், சளியின் நிறம் மாறுவது, ஆள் குழம்புவது அல்லது எழுப்ப முடியாமல் தூங்குவது, குறைந்துகொண்டு வந்த வலி திடீரென்று கூடுவது, இதில் எது வந்தாலும் கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் வரச் சொன்னார். படுக்கையில் போட்டு வைக்க வேண்டாம், நடக்கவிடுங்கள், தூங்கும்போது தலைப்பக்கம் உயரமாக இருக்கட்டும் என்றார்.

லயத்து வீட்டில் தலைப்பக்கம் உயர்த்துவது பெரிய காரியமில்லை, மடித்த கம்பளியும் அரிசி மூட்டையும் போதும். பெரிய பிரச்சினை அடுப்புப் புகை. ஒரே காம்பரா, பக்கத்திலேயே விறகு அடுப்பு, வெளியே குளிர் என்று கதவைச் சாத்தி வைப்போம். இரும முடியாத ஆளைக் கொண்டுவந்து இருமல் வரவைக்கும் புகைக்குள் விடுவது எப்படி? சிலிண்டர் வாங்க வழியில்லாதவர்கள், சமையல் முடியும் வரையாவது ஆளைப் பக்கத்து வீட்டில் வெளிச்சமான இடத்தில் உட்காரவையுங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம், பக்கத்து வீட்டு டீவியில் ஒரு நாடகம் பாக்கி விடாமல் அம்மாயி பார்த்துவிட்டார்.

இன்னொரு குறையும் உண்டு, இதை எழுதாமல் விட்டால் என் மனம் கேட்காது. நின்ற இடத்தில் விழுந்து நாலு விலா முறிகிறது என்றால் எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கும்? எலும்புத் தேய்வுக்குப் பரிசோதனை, கல்சியம், மருந்து என்று யாரும் பேச்சே எடுக்கவில்லை. ஏன் விழுந்தார் என்றும் கேட்கவில்லை. பாசி வழுக்கியதா, பிரஷர் குளிசை குடித்துவிட்டு எழும்பும்போது தலை சுற்றியதா? படுத்திருக்கும்போது ஒரு தடவையும் எழுந்து நின்றபின் ஒரு தடவையும் பிரஷர் பார்த்தால் தெரிந்துவிடும். மாதக் கிளினிக்கில் நாங்களே கேட்டு அதைப் பார்க்க வைத்தோம், எழுந்து நின்றதும் பிரஷர் நன்றாக இறங்குகிறது, நீர் போகிற குளிசையைப் பாதியாகக் குறைத்தார்கள்.

திரும்பவும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்களா என்றால் போவேன், யோசிக்கவே மாட்டேன். ஆனால் பொழுது விழுவதற்குள், மருந்து எழுதும் வார்டு டிக்கட்டில் வலி மருந்து நேரம் போட்டு எழுதியிருக்கிறதா என்று கேட்பேன். மரியாதையாகக் கேட்டால் காட்டுகிறார்கள். மயக்க மருந்து டொக்டரிடம் ஊசிக்கு வழி இருக்கிறதா என்பதையும் முதல் நாளே கேட்பேன், இங்கே முடியாவிட்டால் கண்டிக்கோ பதுளைக்கோ மாற்றுவார்களா என்பதையும்.

ராத்திரி விஷயத்தைப் பற்றி ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்குத் தமிழில் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன், வார்டையோ மிஸ்மாரையோ குறை சொல்லாமல், மருந்து எழுதும் விதத்தைப் பற்றி மட்டும். அந்த மூன்று பந்துக் கருவியைக் கேட்டு இப்போது தோட்டத்தில் இரண்டு வீட்டார் வந்துவிட்டார்கள். ஒருவர் வாயில் வைத்ததை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று பிசியோ சொல்லியிருக்கிறார், அதனால் எங்களிடம் கேட்காதீர்கள், புதிதாகவே வாங்குங்கள். பட்டி வேண்டுமானால் பிரிக்காத மாதிரியே இருக்கிறது, தாராளமாக எடுத்துக்கொண்டு போய் இடுப்பு வலிக்குக் கட்டிக்கொள்ளுங்கள்.